"தினம் ஒரு பைக்" பாக்கெட் கேம்: தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நம்பரைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் "விளையாடுங்க, தினம் ஒரு பைக் ஜெயிங்க". பின்பக்கம் கியூஆர் கோடு, உள்ளே ஒரு ரகசிய எண். இப்படி ஒன்றை உங்கள் வீட்டுப் பிள்ளை கடையிலிருந்து வாங்கி வந்தால், ஃபோனைக் கையில் கொடுக்க அவசரப்பட வேண்டாம். கம்பெனி பெயரைப் போடவில்லை. அது இங்கே முக்கியமும் இல்லை. இன்றைக்குச் சிப்ஸ், நாளைக்குக் குளிர்பானம், அடுத்த மாதம் சோப்பு, ஆள்தான் மாறும்.

நாங்கள் மதுரை. பையன் ஏழாவது படிக்கிறான். கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணியதும் ஒரு வெப்சைட் திறந்தது. முதலில் பாக்கெட் எண் கேட்டது, பிறகு மொபைல் நம்பர், ஓடிபி, பெயர், பிறந்த தேதி. அவன் 2013 என்று போட்டான். "18 வயது நிரம்பியவர்கள் மட்டும்" என்று வந்தது. ஒரு அடி பின்னால் போய் 1983 என்று மாற்றினான், "வாழ்த்துகள்" என்று உள்ளே விட்டுவிட்டது! வயது சோதனை என்றால் அவ்வளவுதான். கீழே இரண்டு கட்டங்கள், இரண்டிலும் டிக் முன்னாலேயே போடப்பட்டிருந்தது. ஒன்று விதிமுறைகளுக்குச் சம்மதம். இன்னொன்று, கம்பெனியும் அதன் "கூட்டாளிகளும்" ஃபோன், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளச் சம்மதம்.

அப்புறம்தான் விளையாட்டு. ஒரு ஓவர் கிரிக்கெட். திரையைத் தட்டினால் பேட் சுழலும், சிக்ஸர் போனால் கம்பெனி லோகோ வானத்தில் வெடிக்கும். முடிந்ததும் ஒரு சக்கரம். அது சுற்றிச் சுற்றி, பைக் கட்டத்தில் நிற்கிற மாதிரி தள்ளாடி, அடுத்த கட்டத்தில் போய் நின்றது: "₹50 கேஷ்பேக்!" பையன் துள்ளிக் குதித்தான். பணம் அனுப்ப யுபிஐ ஐடி, பின்கோடு என்று கேட்டது. 625 என்று தொடங்கும் எண்ணைப் போட்ட அடுத்த நொடி, "மன்னிக்கவும், இந்தச் சலுகை தமிழ்நாட்டில் செல்லாது."

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கத்தில் இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒட்டிய மடிப்பை நகத்தால் பிரித்த பிறகுதான், எறும்பு சைஸில் ஆங்கிலத்தில் அந்த வரி தெரிந்தது. பாதி எழுத்து ஒட்டுக்குள் போயிருந்தது.

இங்கே செல்லாது என்பதற்குக் காரணம் ஒரு சட்டம். அது புதிதல்ல. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில், 1979-ல் வந்த தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் அது. பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் போட்டோ வேறு வழியிலோ ஆள் பொறுக்கிப் பரிசு கொடுக்கும் திட்டத்தை இங்கே நடத்தக் கூடாது. அதனால்தான் டிவி விளம்பரத்தின் கடைசியில் "தமிழ்நாட்டில் செல்லாது" என்று எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஒரு குரல் ஓடும். இதைச் சொன்னதும் "இந்தச் சட்டத்தை எடுத்துட்டா என்ன?" என்றார் எங்கள் தெருக் கடைக்காரர். எனக்குச் சட்டத்தின் மேல் கோபமில்லை. பிஸ்கட் வாங்கப் போகிறவரை லாட்டரிக்குப் பழக்க வேண்டாம் என்பது நியாயம்தான்.

என் கோபம் கேள்வி கேட்ட வரிசை மேல். தமிழ்நாட்டில் கொடுக்க முடியாது என்பது கம்பெனிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பின்கோடை முதல் திரையில் கேட்டிருந்தால் என் நம்பரும் பையன் பெயரும் அவர்களிடம் போயிருக்காது. கடைசியில் கேட்டதால் எல்லாம் போய்விட்டது, பரிசு மட்டும் வரவில்லை. பாக்கெட் விற்ற லாபம் தனி, ஓடிபி போட்டு உறுதிசெய்த நம்பர் தனி.

அக்கா மகன் ஐடியில் இருக்கிறான். இன்னொரு பாக்கெட்டை லேப்டாப்பில் வைத்துப் பார்த்தான். "சித்தி, இங்க பாருங்க" என்று ஒரு வரியைக் காட்டினான். சக்கரம் அசையத் தொடங்கும் முன்பே, என்ன பரிசு என்ற பதில் சர்வரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தது. பைக் பக்கம் தள்ளாடியதெல்லாம் வெறும் படம். இதில் தப்பில்லை, எல்லா சக்கர கேமும் இப்படித்தான் என்கிறான் அவன். இருக்கலாம். ஆனால் அந்த ஓவரில் பையன் அடித்த ரன்னுக்கும் பரிசுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதற்கப்புறம் கடன் வேண்டுமா, இன்சூரன்ஸ் வேண்டுமா என்று ஃபோன் வராத நாளில்லை. 1909 என்ற எண்ணில், விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதியும் டிஎன்டி போட்டிருக்கிறேனே என்று நினைத்தேன். நாமே சம்மதம் கொடுத்த நிறுவனத்துக்கு அந்தத் தடை பொருந்தாதாம். ஒருவர் பையன் பெயரையே சொல்லி, "பைக் விழுந்திருக்கு, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்றார். அந்த ஆளுக்குப் பெயர் எங்கிருந்து போனது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை, அதனால் கம்பெனி மேல் அதைப் போடவில்லை. இப்படிக் கேட்டு யாராவது பணம் கட்டியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள்.

கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டால் "விதிமுறைகளைப் பார்க்கவும்" என்று ஒரே பதில், கையெழுத்தில் பெயர் மட்டும் மாறி மாறி. பெரிய கம்பெனி இப்படிச் செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று: 1992-ல் பிலிப்பைன்ஸில் பெப்சி, பாட்டில் மூடிக்குள் 349 என்ற எண் இருந்தால் 10 லட்சம் பெசோ (அந்த நாட்டுப் பணம்) என்று அறிவித்தது. அந்த எண் அச்சான மூடிகள் லட்சக்கணக்கில் இருந்தன. தப்பு நடந்துவிட்டது என்று சொல்லி ஆளுக்கு 500 பெசோ நீட்டினார்கள். ஊரே கலவரமானது.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சொன்னபடி கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. "நிபந்தனை பாக்கெட்டில் அச்சாகியிருக்கிறது" என்று கம்பெனி பதில் கொடுத்தது, புகாரை மூடிவிட்டார்கள். ஒட்டுக்குள் அச்சாகியிருக்கிறது என்று மீண்டும் எழுதியிருக்கிறேன். என் விவரங்களை அழிக்கச் சொல்லித் தனியாக ஒரு மெயில் போட்டதற்கு மட்டும் "அழித்துவிட்டோம்" என்று பதில் வந்தது. நம்புவதா வேண்டாமா தெரியவில்லை, ஆனால் அந்த மெயிலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி வீட்டில் யாராவது இப்படி ஒன்றைத் திறந்தால், நம்பர் போடும் முன் விதிமுறைப் பக்கத்துக்குப் போய் "தமிழ்நாடு" என்று தேடிப் பாருங்கள், ஆங்கிலத்திலும் தேடுங்கள். டிக் போட்டே வரும் கட்டங்களை எடுத்துவிடுங்கள். எடுத்தால் உள்ளே விடாத வெப்சைட் என்றால் மூடிவிடுங்கள். ஏற்கனவே மாட்டியவர்கள் ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பின்கோடு கேட்கும் திரை கடைசியில் வருவது தெரிய வேண்டும். பாக்கெட்டைக் குப்பையில் போட வேண்டாம், மடிப்பைப் பிரித்துப் படம் எடுத்து வையுங்கள். புகாரோடு அதையும் இணைக்க வேண்டியிருக்கும்.