பாட்டி விட்டுப்போன படம்: பெரியம்மாவைக் கேட்பதா, சட்டத்தைக் கழற்றுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியின் கிருஷ்ணர் படம் தொங்குகிறது. எப்படி வந்தது?

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த பெரியம்மாவைக் கேட்டால் கப்பல், கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்), பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) என்று கதை ஓடும். பூர்வீக ஊரும் உறவுமுறையும் அவரிடம்தான் கிடைக்கும். ஆண்டு மட்டும் கேட்காதீர்கள். எல்லாமே 'ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னே'தான்.

காலத்தைச் சொல்லப் படமே மேல். தஞ்சாவூர் ஓவியம் என்றால் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சில் மேடு எழுப்பி, தங்கத் தகடு பதித்திருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். தட்டையான தாளா? சரி, அச்சுப் படமாக இருக்கலாம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் இவை வீடுவீடாகப் பரவின. அச்சகப் பெயர் அடி ஓரத்தில், சட்டத்துக்குள் மறைந்திருக்கக்கூடும்.

நான் முதலில் பெரியம்மாவிடம்தான் போனேன். அவருக்கு வயது 86. சட்டத்து ஆணி எங்கும் ஓடிவிடாது.