மேட்ச் பாக்கறதுக்குன்னே போலாம் (சிங்கப்பூர்ல, சையது ஆல்வி ரோடு பக்கம், முஸ்தபா சென்டருக்குப் பின்னாடி இருக்கற சாப்பாட்டுக் கடை)

சாப்பாட்ட மொதல்ல சொல்லி முடிச்சிடறேன். மட்டன் முர்தபா (உள்ள கறி வச்ச பரோட்டா) சூப்பர், கைமா அள்ளி வைக்கிறாங்க. பிராட்டாதான் (நம்ம பரோட்டா) மேட்ச் அன்னிக்கு மோசம், சாயங்காலமே போட்டு அடுக்கி வச்சிடறாங்க, இழுத்தா ரப்பர் மாதிரி வருது. தே தாரிக் (ஆத்திக் குடுக்கற பால் டீ) ஓகே. கடைசி அஞ்சு ஓவர்ல மட்டும் ஆர்டர் எடுக்க ஒருத்தரும் வரமாட்டாங்க, ஏன்னா அவங்களும் டிவி முன்னாடிதான் நிப்பாங்க லா.

இங்க விசேஷமே கல்லாவுல உக்காந்திருக்கற அக்காதான். ரிமோட் அவங்க கையில. கத்தலாம், டேபிள தட்டலாம், அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, ஆனா எவனாச்சும் பிளேயரோட அம்மாவ இழுத்தோ பக்கத்து டேபிள்காரன் நாட்ட இழுத்தோ பேசினா அவ்ளோதான், டிவி ம்யூட், அந்த ஓவர் முடியற வரைக்கும் சத்தம் வராது. மொத்த கடையும் அவன திரும்பி மொறைக்கும் பாருங்க, அதுக்கப்புறம் வாய தொறப்பானா?

2023 வேர்ல்ட் கப், டெல்லில பங்களாதேஷும் லங்காவும் ஆடின அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். ஒரு பக்கம் பங்களாதேஷ் தம்பிங்க, இந்தப் பக்கம் லங்கா ஆளுங்க, நடுவுல நாங்க. லங்கா பேட்ஸ்மேன் மேத்யூஸ் ஹெல்மெட் வார் அறுந்துபோயி நிக்கறாரு, பங்களாதேஷ் கேப்டன் ஷாகிப் அப்பீல் பண்றாரு, அம்பயர் வாபஸ் வாங்கறீங்களான்னு கேட்டும் மாட்டேன்னுட்டாரு. டைம்டு அவுட், அதாவது உள்ள வர்ற பேட்ஸ்மேன் குடுத்த நேரத்துக்குள்ள பால் ஆட ரெடியாகலன்னா அவுட்! இன்டர்நேஷனல் கிரிக்கெட்ல அதான் மொத தடவ. அலமாக் (ஐயையோ), கடையில ஒரே ரகள, அக்கா உடனே ம்யூட். அப்புறம் ஷாகிப் 82ல மேத்யூஸ் பால்லயே அவுட் ஆக, மேத்யூஸ் மணிக்கட்ட காட்டி டைம் ஆச்சு கெளம்புன்னாரே, அதையும் நாங்க ஊமைப்படமாத்தான் பாத்தோம், ஏன்னா அதுக்குள்ள இன்னொருத்தன் வாய விட்டுட்டான். பங்களாதேஷ் 3 விக்கெட்ல ஜெயிச்சுது, லங்கா டீம் கை குடுக்காமயே போயிட்டாங்க. இங்க அந்த ரெண்டு டேபிளும் வாசல்ல நின்னு இன்னும் வாதாடிட்டு இருந்தாங்க, ஆனா மரியாதையா, வாங்க போங்கன்னு.

என்னக் கேட்டா ரூல் படி ஷாகிப் பண்ணது சரிதான். ஆனா கேப்டன் நெனச்சா விடலாம்ல? 2011ல நாட்டிங்ஹாம் டெஸ்ட்ல இங்கிலாந்து பேட்ஸ்மேன் இயான் பெல் ஃபோர்னு நெனச்சு டீக்கு நடக்க ஆரம்பிச்சு ரன் அவுட் ஆனாரு, தோனி அவர திரும்பக் கூப்டு ஆட விட்டாரு. அந்த டெஸ்ட்ல நாம (இந்தியா) 319 ரன்ல தோத்தோம், அது வேற கதை. தோனி பெல்ல திரும்பக் கூப்டதுக்கு 2020ல ஐசிசி (உலக கிரிக்கெட் கவுன்சில்) அவார்டே குடுத்துச்சு.

போன வருஷமோ அதுக்கு முன்னாடியோ போட்ட ஃபேன் ரெண்டு சுத்தல, பின்னாடி டேபிள்ல வேர்த்து ஊத்தும். துபாய்ல நைட் டி20 மேட்ச்னா நம்ம டைமுக்கு ராத்திரி பத்து, பத்தரைக்குதான் ஆரம்பிக்கும், லாஸ்ட் எம்ஆர்டி ரயில் கெடைக்காது, அத யோசிச்சுட்டுப் போங்க. குழந்தைங்கள தைரியமா கூட்டிட்டு போலாம், மத்த கடைங்களுக்கு அப்டி சொல்லமாட்டேன். அஞ்சுக்கு நாலு, பிராட்டா சூடா போட்டா நாலரை.