பூத் ஜோலோகியா விதையைக் கை எரியாமல் போடுவது: சில வருட அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை வீடு, மேலே மொட்டை மாடி. சில வருடங்களாக அங்கே குரோ பேக்கில் மிளகாய் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் குண்டும் சம்பாவும்தான். அப்புறம் காந்தாரி வந்தது, அதற்கப்புறம் பூத் ஜோலோகியா, கரோலினா ரீப்பர் என்று உலகிலேயே கடும் காரமான ரகங்கள் வரை ஆசை எங்கேயோ போய்விட்டது. செடி வளர்ப்பதைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த விதையைக் கையாளும் வேலைக்காக நான் வாங்கியவற்றில் எது நிலைத்தது, எது குப்பைக்குப் போனது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நம்மூர்க் கடையில் கிடைக்கும் குண்டூர் மிளகாய்க்கு, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் சுமார் 35,000 முதல் 40,000 வரை சொல்வார்கள். 2007-ல் கின்னஸ் பதிவு செய்த பூத் ஜோலோகியா 10,01,304. ரீப்பரின் பதிவு 16,41,183. 2023-ல் பெப்பர் எக்ஸ் என்ற ரகம் 26,93,000 என்று அதையும் தாண்டிவிட்டது. அசாமில் யானை விரட்டப் பயன்படுத்துகிற சரக்கை நாம் மாடியில் விரல் நுனியால் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

காரத்தைக் குறைக்க மிளகாயை உதறி விதையைக் கொட்டுவது நம் வீடுகளில் வழக்கம். உண்மையில் காரம் விதைக்குள் உண்டாவதில்லை. பழத்துக்குள் விதை ஒட்டியிருக்கும் அந்த வெளிர் சதைதான் எரிச்சலைத் தரும் கேப்சைசின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அது கசிந்து விதையின் மேல் பூசிக்கொள்கிறது, அவ்வளவுதான். இது தெரிந்த பிறகு என் வேலை முறையே மாறியது. விதையைத் தொடாமல் இருக்க ஆயிரம் வழி தேடுவதைவிட, மேலே பூசியதை முதலிலேயே கழுவித் தள்ளிவிடுவது சுலபம்.

பழம் நன்றாகப் பழுத்ததும் அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, பழத்தைத் தண்ணீருக்குள் அமுக்கியபடியே கீறுகிறேன். வெளியில் வைத்து வெட்டினால் சாறு முகத்துக்குத் தெறிக்கும். உள்ளே வெட்டினால் அது தண்ணீரோடு நின்றுவிடுகிறது. ஒரு பழைய ஸ்பூனால் சதையை வழித்து எடுத்த பிறகு பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு விதைகளை மெதுவாகக் கலக்குவேன். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். அதனால்தான் அந்த ஒரு சொட்டு. இரண்டு மூன்று முறை அலசி வடிகட்டினால், கிண்ணத்தை நெருங்கினாலே மூக்கைத் துளைக்கும் அந்த நெடி பெரும்பாலும் போய்விடும். மிதக்கிற விதையையெல்லாம் பொக்கு என்று தள்ளிவிட வேண்டாம், அவற்றிலும் சில முளைக்கும்.

காய்ந்த பழம்தான் கைவசம் இருக்கிறது என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். காய்ந்ததை உடைத்தால் கிளம்பும் தூசிதான் இந்த மொத்த வேலையிலும் மோசமான கட்டம். வெறும் நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துவிட்டு உடைத்தால் தூசியே இல்லை. மிளகாய்த்தூளுக்கு வாங்கிய என்95 மாஸ்க் இன்னும் இருக்கிறது. ஈரத்தில் வேலை செய்யப் பழகியதிலிருந்து அதற்கு வேலை குறைவு.

கிளவுஸுக்கு வருகிறேன், காசு அதிகம் வீணானது இதில்தான். பிரியாணிக் கடையில் கொடுக்கும் பாலிதீன் கிளவுஸ் விரலில் நிற்காது, விதையைப் பிடித்தால் வழுக்கும், நகம் பட்டால் கிழியும். பாத்திரம் கழுவும் கனமான ரப்பர் கிளவுஸ் பத்திரமாகத் தோன்றும். ஆனால் விரல் நுனியில் உணர்வே இருக்காது, ரப்பரில் ஏறிய எண்ணெயும் சுலபத்தில் போகாது. அடுத்த மாதம் அதே கிளவுஸால் பாத்திரம் தேய்ப்பவர் கதி என்ன என்று யோசியுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் லேடெக்ஸ் கிளவுஸைவிட நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கிளவுஸ் கேப்சைசினை நன்றாகத் தடுக்கிறது. நூறு எண்ணிக்கைப் பெட்டி ஒன்று வாங்கினால் நெடுநாள் வரும். என் கைக்கு மீடியம் சரியாக இருக்கிறது. லார்ஜ் வாங்கினால் நுனி மடிந்து விதையைக் கவ்விக்கொள்ளும். குறை என்றால் வியர்வைதான். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கால் மணி நேரத்தில் உள்ளே தண்ணீர் தேங்கிவிடுகிறது. நடுவில் ஒருமுறை மாற்றிக்கொள்கிறேன்.

கழற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிளவுஸோடேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மணிக்கட்டில் பிடித்து உள்பக்கம் வெளியே வருமாறு உரிக்க வேண்டும். வேலை நடக்கும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். திரையில் பட்டது அப்புறம் கன்னத்துக்கு வரும். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடுவது, மாடிக் கதவின் தாழ்ப்பாளைத் தொடுவது எல்லாம் இதே கணக்கில் சேரும்.

ஒருமுறை உதவிக்கு வந்த மச்சினன் வெறும் கையாலேயே விதைகளைப் பிரித்தான். "ஒண்ணும் எரியலையே மாமா" என்று சிரித்தான். உள்ளங்கைத் தோல் தடிமன், அங்கே அவ்வளவாகத் தெரியாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். இரவு கான்டாக்ட் லென்ஸைக் கழற்றக் கண்ணில் விரல் வைத்தபோதுதான் தெரிந்தது. கால் மணி நேரம் குழாயடியில் கண்ணைத் திறந்தபடி தண்ணீர் விட்டான். மறுநாள் கண் டாக்டர் பார்த்துக் காயம் எதுவும் இல்லை என்றார். லென்ஸ் ஜோடியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று, அதில் ஏறிய காரம் கழுவினால் போகாது. கண்ணில் பட்டால் நிறையச் சுத்தமான தண்ணீர்தான், பால் விடுகிற யோசனையெல்லாம் வேண்டாம். எரிச்சல் அடங்காவிட்டால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

கையில் பட்டால் என்ன செய்வது என்பதை எங்கள் தெருவில் மிளகாய்த்தூள் அரைக்கும் மில்லில் கற்றேன். அங்கே வேலை செய்யும் அண்ணன் சொன்னது: "தண்ணி ஊத்தினா பரவும் தம்பி, மொதல்ல எண்ணெய் போட்டுத் தொடச்சிரு." தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்து, டிஷ்யூவால் துடைத்து, பிறகு சோப்பு. இதையே இன்னொரு தடவை. வெந்நீர் மட்டும் கூடாது. நம் நரம்பில் சூட்டை உணர்கிற அதே ஏற்பியைத்தான் கேப்சைசினும் தூண்டுகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. வெந்நீர் ஊற்றினால் எரிச்சல் இரட்டிப்பாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

விதைக்கிற நாளில் நேரம் முக்கியம். காசிமேட்டுப் பக்கமிருந்து மதியம் கடற்காற்று கிளம்பினால் மாடியில் காய்ந்த விதை பறக்கும், கூடவே தோல் துணுக்கும் கண்ணுக்கு வரும். அதனால் காலையிலேயே முடித்துவிடுவேன். உள்ளே உட்கார்ந்தால் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கீழே பழைய செய்தித்தாள், கையில் புருவம் திருத்தும் ஸ்டீல் ட்வீசர். மரம், பிளாஸ்டிக் எல்லாம் காரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஸ்டீலும் கண்ணாடியும் கழுவினால் சுத்தம். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி, குழிக்கு ஒன்றாக அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைக்கிறேன். நாற்றழுகல் வராமலிருக்க விதையோடு ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத்தூள் ஒரு சிட்டிகை. குளிர் நாடுகளில் இந்த ரகங்களுக்கு அடியில் ஹீட்டர் பாய் விரிக்கிறார்கள். முளைக்க 25 முதல் 30 டிகிரி தேவை, அது நமக்கு இலவசம். ஆனாலும் பூத் ஜோலோகியா சாதா மிளகாய் மாதிரி பத்து நாளில் எட்டிப் பார்க்காது. மூன்று நான்கு வாரம்கூட ஆகும், தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

கடையில் பாக்கெட்டாக வாங்கும் விதை ரோஸ், நீலம் என்று கலராக இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி பூசியது. காரத்துக்குப் பயப்படாதவரும் அதற்குக் கிளவுஸ் போட்டே ஆக வேண்டும்.

நாற்று வந்துவிட்டால் பயமில்லை, இலையிலும் தண்டிலும் எரிகிற அளவு காரம் கிடையாது. வெறும் கையாலேயே பிடுங்கி நடுகிறேன். மீந்த தோல், சதை, செய்தித்தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறேன். எரிக்கவே கூடாது. அம்மா ஒரு வெள்ளிக்கிழமை திருஷ்டி சுற்றிப்போட இதிலிருந்து ஒரு காய் கேட்டார். நெருப்பில் போட்டால் கண் வைத்தவர்களுக்கு முன்னால் நாம்தான் தெருவுக்கு ஓடுவோம் என்று சொல்லி, கடை மிளகாயைக் கையில் கொடுத்தேன்.

மிஞ்சும் விதையை நிழலில் காயவைத்துச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன், மசாலா டப்பாக்கள் இருக்கும் அலமாரியில் இல்லை. பார்வைக்கு இதற்கும் சாதா மிளகாய் விதைக்கும் வித்தியாசமே தெரியாது. நண்பர்களுக்குக் கூரியரில் அனுப்பும்போது பட்டர் பேப்பரில் மடித்து ஜிப்லாக் பையில் போட்டு, வெளியே ரகத்தின் பெயரும் "குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள்" என்ற வரியும் எழுதி ஒட்டுகிறேன்.