நெப்போலியன் வாழ்க்கை வரலாறு: ராபர்ட்ஸா, ஸமோய்ஸ்கியா, பல பாகத் தொகுதியா?

ஆர்டர் போடும்போதே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஆண்ட்ரூ ராபர்ட்ஸ் 2014இல் எழுதிய வாழ்க்கை வரலாறு பிரிட்டனில் 'நெப்போலியன் தி கிரேட்' என்றும் அமெரிக்காவில் 'நெப்போலியன்: எ லைஃப்' என்றும் வெளியானது. ஆடம் ஸமோய்ஸ்கி 2018இல் எழுதியதற்கு பிரிட்டனில் 'நெப்போலியன்: தி மேன் பிஹைண்ட் தி மித்' என்று பெயர். அமெரிக்கப் பதிப்புக்கோ அதே 'நெப்போலியன்: எ லைஃப்'தான். ஆசிரியர் பெயரைப் பார்க்காமல் வாங்கினால், தேடிய நெப்போலியனுக்குப் பதில் வேறொருவர் வந்து சேருவார். அந்த அளவுக்கு இரண்டும் வேறு வேறு புத்தகங்கள்.

ராபர்ட்ஸின் பெரிய பலம் கடிதங்கள். அண்ணன்-தம்பி வழி வாரிசான பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1858க்கும் 1869க்கும் இடையே, 32 தொகுதிகளாக வந்த பழைய தொகுப்பில் சங்கடமான கடிதங்கள் பல விடுபட்டிருந்தன. நெப்போலியன் அறக்கட்டளை 2004 முதல் 2018 வரை 15 தொகுதிகளாக வெளியிட்ட புதிய தொகுப்பில் 40,000க்கும் அதிகமான கடிதங்கள் இருக்கின்றன. ராபர்ட்ஸ் அதிலிருந்து தாராளமாக அள்ளித் தருகிறார். படைக்குக் காலணி கேட்பதும் தம்பிகளைக் கடிந்துகொள்வதும் நெப்போலியனின் குரலிலேயே கேட்கின்றன. அவர் போரிட்ட 60 களங்களில் 53ஐ ராபர்ட்ஸ் நேரில் பார்த்திருக்கிறார். அதனால் எந்த மேட்டை யார் பிடித்தார்கள், ஏன் பிடித்தார்கள் என்பது தெளிவாகப் புரியும். பலவீனமும் இதே நெருக்கத்திலிருந்துதான் வருகிறது. சந்தேகத்தின் பலன் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் நெப்போலியனுக்கே போகும்.

ஸமோய்ஸ்கி அந்தச் சலுகையைத் தருவதில்லை. 1796-97 இத்தாலியப் படையெடுப்பின்போதே தன் படைக்கென்று செய்தித்தாள் நடத்தி, வெற்றிகளை ஊதிப் பெருக்கிய இளம் தளபதியை அவர் நன்றாகப் பிடித்துக் காட்டுகிறார். குடும்ப அரசியல், பதற்றம், அந்தஸ்துக்கான ஏக்கம் எல்லாம் விரிவாக வருகின்றன. போர்கள் சுருங்கிவிடுகின்றன. இந்த மனிதர் ஏன் திரும்பத் திரும்ப ஜெயித்தார் என்று கேட்கும் வாசகருக்கு இந்த ஒரு புத்தகம் போதாது. படைத்தலைவரின் வரலாற்றில் அது சின்னக் குறையில்லை.

வாங்குமுன் இரண்டிலும் மூன்று இடங்களைப் புரட்டிப் பாருங்கள். பின்னிணைப்பில் உள்ள பெயர் அட்டவணையை வைத்துத் தேடினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முதலாவது யாஃபா (இன்றைய இஸ்ரேலின் கடற்கரை நகரம்), மார்ச் 1799. சரணடைந்த கைதிகள் நெப்போலியனின் உத்தரவில் கடற்கரையில் கொல்லப்பட்டார்கள். எண்ணிக்கை பற்றி இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மதிப்பீடுகள் சுமார் 2,000இல் தொடங்கி 4,000ஐத் தாண்டுகின்றன. இனி போரிடுவதில்லை என்று எகிப்தின் எல் அரீஷ் கோட்டையில் சரணடைந்தபோது வாக்களித்துவிட்டு மீறியவர்கள் அவர்களில் இருந்தார்கள், எல்லோருக்கும் போட உணவும் இல்லை என்பவை வழக்கமான சமாதானங்கள். நல்ல ஆசிரியர் சமாதானத்தையும் சொல்வார், அது எல்லாக் கைதிகளுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்வார்.

இரண்டாவது வட இத்தாலியில் ஆஸ்திரியர்களோடு நடந்த மரெங்கோ போர், 14 ஜூன் 1800. பிற்பகல்வரை பிரெஞ்சுப் படை தோற்றுக்கொண்டிருந்தது. தளபதி டெஸேயின் படைப்பிரிவு வந்து சேர்ந்ததும் தளபதி கெல்லர்மானின் குதிரைப்படை பாய்ந்ததும்தான் நாளைத் திருப்பின. டெஸே அங்கேயே இறந்தார். பின்வாங்கியதே திட்டமிட்ட உத்தி என்று காட்டும்படி அதிகாரபூர்வ அறிக்கை பிற்பாடு திருத்தி எழுதப்பட்டது. இந்தத் திருத்தத்தைக் குறிப்பிடாத புத்தகம், அந்த அறிக்கையையே நம்பி எழுதியிருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது, காலனிகளில் அடிமைமுறையைத் தக்கவைத்த மே 1802 சட்டம். ஒரு வரியில் கடந்துபோகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

அடிக்குறிப்புகளிலும் ஒரு சோதனை உண்டு. நெப்போலியனின் முன்னாள் செயலர் பூரியெனின் பெயரில் வந்த நினைவுக்குறிப்புகளில் பெரும்பகுதி பிறர் எழுதியது. அரசவைப் பெண்மணி மதாம் ரெமுஸா தன் மூலக் குறிப்புகளை 1815இல் எரித்துவிட்டு, ஆட்சி மாறிய பிறகு நினைவிலிருந்து திரும்ப எழுதினார். நெப்போலியன் நாடுகடத்தப்பட்ட செயிண்ட் ஹெலினா தீவில் உடனிருந்த லாஸ் காஸின் பதிவு, தோற்றவர் தன் கதையைத் தானே செதுக்கிய இடம். மூன்றையும் பயன்படுத்தலாம், எச்சரிக்கையோடு. எந்தத் தயக்கமும் இல்லாமல் இவற்றின் உரையாடல்களை அப்படியே தூக்கிப்போடும் புத்தகத்தை, நடை எவ்வளவு இனித்தாலும், தவிர்த்துவிடலாம்.

பல பாகத் தொகுதிகளில் இரண்டு முக்கியமானவை. மைக்கேல் புரோயர்ஸின் மூன்று பாகங்கள் (2014, 2018, 2022) முறையே 1805, 1810, 1821இல் முடிகின்றன. வென்ற நாடுகளில் நிர்வாகம் எப்படி நடந்தது என்பதில் அவருக்கு ஈடு குறைவு. பிலிப் ட்வையரின் முதல் பாகம் 1799 ஆட்சிக்கவிழ்ப்போடு நின்றுவிடும். 1805இல் நடந்த ஆஸ்டர்லிட்ஸ் போரைத் தேடி அதை வாங்கினால் ஏமாற்றம்தான். அதற்கு இரண்டாம் பாகம் வேண்டும்.

டேவிட் சாண்ட்லரின் 'தி கேம்பெயின்ஸ் ஆஃப் நெப்போலியன்' (1966) ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் போர் நூல். அது வாழ்க்கை வரலாறு ஆகாது. முதல் புத்தகமாக எடுத்தால் பாதியில் மூடிவைக்கும் சாத்தியம் அதிகம். படையணிகள் தனித்தனிப் பாதைகளில் நடந்து போருக்கு முன் ஒன்றுசேரும் முறையை இவ்வளவு பொறுமையாக விளக்கும் நூல் அரிது என்பதும் உண்மை. ஸ்பெயினைப் பொறுத்தவரை இந்த நூலில் நெப்போலியன் நேரில் இருந்த மாதங்களே பிரதானம். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுக்கு எதிரான நீண்ட போரை வேறெங்காவதுதான் படிக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று என்றால் ராபர்ட்ஸ், மேலே சொன்ன சாய்வை மனதில் வைத்துக்கொண்டு. போர்களில் ஆர்வம் இல்லை, அதிகாரம் எப்படிக் கட்டப்பட்டது என்பதே வேண்டும் என்றால் ஸமோய்ஸ்கி. இரண்டுக்கும் நேரம் இருப்பவர் ராபர்ட்ஸை முதலில் முடிப்பது நல்லது. ஸமோய்ஸ்கி எதை மறுக்கிறார் என்பது அப்போதுதான் பிடிபடும்.

ராபர்ட்ஸையும் சாண்ட்லரையும் அச்சிலேயே வாங்குங்கள். மின்னூலில் வரைபடங்கள் சிறுத்து, ஊர்ப் பெயர்கள் வாசிக்க முடியாமல் போகும். பத்தியும் படமும் வெவ்வேறு திரைகளில் கிடப்பதால் முன்னும் பின்னும் தாவ வேண்டியிருக்கும். ஒலிநூலில் வரைபடமே கிடையாது. ஸமோய்ஸ்கியை எந்த வடிவில் படித்தாலும் பெரிய இழப்பில்லை.