வியாசர்பாடிப் பக்கம் ஒரு போலீஸ் கோச்சிங் சென்டர்: எட்டு மாதம் போய் வந்தவள் எழுதுவது

பெயர் போடப் போவதில்லை. போட்டால் சண்டைக்கு வருவார்கள், அதுகூடப் பரவாயில்லை, கிரவுண்டு மாஸ்டருக்கு என்னால் சங்கடம் வரக்கூடாது. மூலக்கடையிலிருந்து வியாசர்பாடிக்குப் போகும் வழியில் ஒரு கட்டடம். கீழே டிபன் கடை, முதல் மாடியில் தையல் கிளாஸ், மூன்றாம் மாடியில் இவர்கள். வாசலில் யூனிபாரம் போட்ட முப்பது நாற்பது முகங்களோடு பேனர். ஆறு மாதத்துக்கு 12,000 ரூபாய், மெட்டீரியலுக்கு 1,500 தனி. பேனரின் அடியில் சின்ன எழுத்தில் 'கிரவுண்டு பயிற்சி முற்றிலும் இலவசம்'. காசு வாங்கிக்கொண்டு கொடுத்ததைவிட இலவசமாகக் கொடுத்ததுதான் அங்கே உருப்படி.

என்னைப் பற்றி இரண்டு வரி. வயது 26. வீடு கொடுங்கையூரில். அம்மா வாசலிலேயே இட்லிக் கடை போடுகிறாள். நான் பி.காம் முடித்துவிட்டுப் பெரம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிளஸ் டூ முடித்தபோதே போலீஸ் ஆசை இருந்தது. "டிகிரி முடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். டிகிரி முடித்தேன், வேலை கிடைத்தது, அப்புறம் நானே "பாத்துக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். 2023 டிசம்பர் 10-ஆம் தேதி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு நடந்தது, 3,359 இடங்கள். தேர்வுக் கட்டணம் வெறும் 250 ரூபாய். நான் விண்ணப்பிக்கவே இல்லை. அன்றைக்கு லேபில் உட்கார்ந்து யாருக்கோ சர்க்கரை டெஸ்டுக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட வைத்தது அத்தைதான். அப்பாவின் தங்கை, ஏட்டம்மா, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது காலண்டரின் பின்பக்கத்தில் எழுதியே காட்டினார். காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும், வயது 18-லிருந்து. மேல் வரம்பு பொதுப் பிரிவுக்கு 26, பிசி, எம்பிசிக்கு 28, எஸ்சி, எஸ்டிக்கு 31. எஸ்ஐ என்றால் டிகிரி வேண்டும், 20 வயது ஆகியிருக்க வேண்டும், பொதுப் பிரிவுக்கு 30, எங்களைப் போன்ற பிசி, எம்பிசிக்கு 32, எஸ்சி, எஸ்டிக்கு 35. வயதை அந்தந்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதி வைத்துப் பார்ப்பார்கள். வருஷா வருஷம் அறிவிப்பு வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே எனக்குக் காவலர் தேர்வில் ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு வாய்ப்பு.

"பதினெட்டுல வந்திருந்தா இந்நேரம் துறைக்குள்ள இருந்துகினே எஸ்ஐ எழுதியிருப்ப. உள்ள இருக்கறவங்களுக்கு இருபது சதவீதம் தனியா இருக்குது" என்றார் அத்தை. துறை ஒதுக்கீட்டுக்கு ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும். காவலராகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 18,200-இல் தொடங்கும், எஸ்ஐக்கு 36,900. இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு வரப் பத்து வருஷம். "அதுக்காக இப்ப எஸ்ஐ மட்டும்தான்னு உக்காராத. ரெண்டையும் எழுது. எது வருதோ அதுல ஏறு."

இன்னொன்றும் சொன்னார், எந்த கோச்சிங்கிலும் சொல்லாதது. பெண்கள் காவலராகப் போனால் பயிற்சிப் பள்ளி ஏழு மாதம் முடிந்ததும் ஆயுதப்படைதான், ஸ்டேஷனில் உட்கார வருஷங்கள் ஆகும். பந்தோபஸ்து என்றால் பையில் இரண்டு செட் துணி, பிஸ்கட், நாப்கின். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், ஏனென்றால் போக இடம் இருக்காது. 2021-இல் முதல்வர் போகும் வழியில் பெண் போலீசைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்ததை அத்தை இன்னும் தீபாவளி போனஸ் மாதிரிதான் சொல்கிறார். "இதெல்லாம் தெரிஞ்சும் வர்றியா?" என்றார். வருகிறேன் என்றேன். மறுநாளே சென்டரில் பணம் கட்டினேன். அவசரப்பட்டது தப்பு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கிரவுண்டு. ஏஆரில், அதாவது ஆயுதப்படையில், இருந்து ரிட்டயர் ஆன ஒருவர்தான் மாஸ்டர். காலை 5 மணிக்கு விசில். ஆறரைக்கு மேல் அங்கே இருக்க முடியாது, வியாசர்பாடிப் பையன்கள் ஃபுட்பால் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், அது அவர்கள் சாம்ராஜ்யம். மண் தரை, ஒரு சுற்று 200 மீட்டர். காற்று வடக்கிலிருந்து அடித்தால் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வாடை மூச்சோடு சேர்ந்து உள்ளே போகும்.

பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் ஓட வேண்டும், ஆண்களுக்கு 1500 மீட்டர் ஏழு நிமிஷம். இரண்டரை நிமிஷம் கேட்க ரொம்ப தாராளமாக இருக்கும். முதல் நாள் எனக்கு 2:52. முதல் சுற்றைப் பறந்து முடித்தேன், 300-ஐத் தொடும்போது விலாவில் யாரோ கத்தி வைத்த மாதிரி, கடைசி ஐம்பது மீட்டர் நடைதான். மாஸ்டர் திட்டவில்லை. "பாப்பா, மொத சுத்து எழுபது செகண்டு. அதுக்கு முன்னாடி வந்தீன்னா திருப்பி அனுப்பிருவேன்" என்றார். நிஜமாகவே அனுப்பினார். மெதுவாக ஓடச் சொல்லி ஒருவர் விரட்டுவார் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. ஏழாவது வாரம் 2:21.

பிறகு கிரிக்கெட் பந்து. குண்டு எறிதல் அல்லது பந்து எறிதல், நாமே தேர்ந்தெடுக்கலாம். பந்து என்றால் 17 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 24-க்கு இரண்டு, ஸ்டாரை வைத்துத்தான் மதிப்பெண். எங்கள் தெருவில் பையன்கள் ஆடும்போது சாக்கடையிலிருந்து பந்து பொறுக்கிக் கொடுத்தே வளர்ந்தவள் நான், வீசினதில்லை. முதல் வீச்சு 11 மீட்டர், அதுவும் கோணலாக. மாஸ்டர் என்னைக் கோட்டுக்குப் பக்கவாட்டில் நிற்க வைத்தார், இடது தோள் முன்னால். முழங்கை காதுக்குக் கீழே இறங்கக் கூடாது. "கையால வீசாத, இடுப்பால வீசு." ஒரு மாதம் பந்தே கொடுக்காமல் ஈரத் துண்டை முடிச்சுப் போட்டு வீச வைத்தார். நான்காவது மாதம் 20 மீட்டர். வலது கை இப்போதும் இட்லி மாவு கரைத்தால் வலிக்கிறது, அது வேறு.

அக்டோபரில் மழை வந்ததும் கிரவுண்டு குளமாகிவிட்டது, கணேசபுரம் சுரங்கப்பாதையும் வழக்கம்போல மூடியாகிவிட்டது. இரண்டு வாரம் லீவு என்றுதான் நினைத்தோம். மாஸ்டர் எங்களை அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் மூன்றாம் மாடிக்கு ஏற்றி இறக்கினார். டிபன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

வகுப்பறைக்கு வருவோம். முதல் வாரம் கொடுத்த பொது அறிவு நோட்ஸில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று இருந்தது. 38 ஆகி வருஷக்கணக்காகிறது, கடைசியாக மயிலாடுதுறை 2020-இல் வந்தது. சொன்னேன். "எக்ஸாமுக்கு முன்னாடி அப்டேட் குடுப்போம்" என்றார்கள். பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டேன், அதுதான் அப்டேட். 1,500 ரூபாய் மெட்டீரியல் என்பது பெரும்பாலும் ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள சமச்சீர் புத்தகங்களின் ஜெராக்ஸ். அந்தப் புத்தகங்கள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன.

ஒரே விதிவிலக்கு உளவியல் பகுதி எடுத்த அக்கா. காவலர் எழுத்துத் தேர்வில் 70 மதிப்பெண், அதில் 45 பொது அறிவு, 25 உளவியல். எண் தொடர், ரத்த உறவு, கடிகாரம் எல்லாம் அந்த 25-இல்தான். மூன்றரை மணிக்கு இரண்டு முள்ளுக்கும் நடுவே எத்தனை டிகிரி என்று கேட்டார். எல்லோரும் 90 என்றோம். அக்கா கையிலிருந்த வாட்சைக் கழற்றி ஒவ்வொரு பெஞ்சாகக் காட்டினார். பெரிய முள் ஆறில், சின்ன முள் மூன்றிலா இருக்கிறது? மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில். நிமிஷத்துக்கு அரை டிகிரி வீதம் பதினைந்து டிகிரி நகர்ந்துவிட்டது, ஆகவே 75. அதற்கப்புறம் எனக்குக் கடிகாரக் கணக்கில் ஒரு மார்க்கும் போனதில்லை. அந்த அக்கா ஐந்தாவது மாதம் நின்றுவிட்டார். சம்பளம் சரியாகத் தரவில்லை என்று பேச்சு.

தமிழ்த் தகுதித் தேர்வைப் பற்றி சென்டரில் அலட்சியம். 80 கேள்வியில் 40 சதவீதம், அதாவது 32 எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். "தமிழ்தானே" என்று இரண்டே வகுப்பு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த இரண்டு பையன்கள் மாதிரித் தேர்விலேயே 28, 29 என்று நின்றார்கள்.

இப்போது என் மனதை விட்டுப் போகாத விஷயம். சேரும்போது உயரம் அளப்பார்கள். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சுவரில் பெயின்ட்டில் வரைந்த அளவுகோல். பெண்களுக்கு 159 சென்டிமீட்டர் வேண்டும், எஸ்சி, எஸ்டிக்கு 157. எனக்கு 161.5 காட்டியது. என்னோடு சேர்ந்த தண்டையார்பேட்டைப் பெண்ணுக்கு, எம்பிசி, இருபது வயது, சரியாக 159. "கரெக்டா வந்துட்ட, கவலையே படாத" என்று ரசீது போட்டார்கள். அவளுடைய அம்மா அந்தப் பணத்துக்குக் கம்மலை அடகு வைத்தவர்.

மூன்று மாதம் கழித்து மாஸ்டர் கிரவுண்டில் அவளைப் பார்த்துவிட்டு, "உனக்கு அளந்தாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. முதல் மாடித் தையல் கிளாஸில் டேப் வாங்கிப் போய் சுவரில் வைத்துப் பார்த்தேன். 150 என்று எழுதிய கோடு தரையிலிருந்து 148.5-இல் இருந்தது. பழைய சிமென்ட் தரை காலத்தில் வரைந்த அளவுகோல், அதற்கப்புறம் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். சாந்தும் டைல்ஸும் சேர்ந்து எல்லோருக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ச்சி கொடுத்துக்கொண்டிருந்தன. நான் 160. அவள் 157.5.

வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் காட்டிய பிறகும் ஒரு மாதம் அந்தக் கோடு அப்படியேதான் இருந்தது. பணம் கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள், கட்டிய தொகை திரும்பாது என்று அச்சாகியிருந்தது. கடைசியில் எஸ்எஸ்சி பேட்சுக்கு மாற்றினார்கள். அது அவளுக்கு நல்லதாகவே முடிந்தது, அவர்கள் புண்ணியத்தால் அல்ல. மத்தியப் படைகளுக்கான எஸ்எஸ்சி ஜிடி தேர்வில் பெண்களுக்கு 157 போதும், பத்தாம் வகுப்பு போதும், 2024-லிருந்து தமிழிலேயே எழுதலாம். 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிஷத்தில் ஓட வேண்டும், அதற்கு அவள் பயப்படுகிற ஆள் இல்லை. மாஸ்டரிடம்தான் ஓடுகிறாள்.

ஆகவே நீங்கள் எந்த சென்டருக்குப் போனாலும் வீட்டிலேயே அளந்துவிட்டுப் போங்கள். வெறுங்காலோடு, குதிகால் சுவரில் ஒட்டி, தலைமேல் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்து. காலையில் எழுந்ததும் அளந்தால் கொஞ்சம் கூடக் காட்டும், சாயங்காலத்து அளவை நம்புங்கள். தமிழ் மீடியத்தில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழைப் பள்ளியில் முன்பே வாங்கி வையுங்கள், 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் இருப்பவர்கள் என்சிசி, என்எஸ்எஸ்ஸில் சேர்ந்துவிடுங்கள். காவலர் தேர்வில் சிறப்பு மதிப்பெண் 6 இருக்கிறது, 26 வயதில் அதைச் சம்பாதிக்க வழியில்லை.

என் மதிப்பீடு: கிரவுண்டுக்கு ஐந்தில் நாலரை, வகுப்புக்கு ஒன்றரை. எழுத்துத் தேர்வு முடிவு வந்தபிறகு ஓடிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் அங்கே அதிகம். உடல்திறனுக்கு 24 மதிப்பெண். நடுவில் கிடைக்கிற சில வாரத்தில் பந்து 11-லிருந்து 20-க்குப் போகாது, எனக்கு நான்கு மாதம் ஆனது. புத்தகத்தை ஷேர் ஆட்டோவில்கூடப் படித்துவிடலாம்.

இப்போது வகுப்புக்குப் போவதில்லை. படிக்க கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துக்குப் போகிறேன், ஏசி, அமைதி, 2024 நவம்பரில் திறந்தது. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசு நடத்தும் இலவசப் போட்டித் தேர்வு மையத்தை முன்பே விசாரித்திருந்தால் 13,500 ரூபாயும் மிஞ்சியிருக்கும். கிரவுண்டுக்கு மட்டும் மாதம் 500 கொடுக்கிறேன். 'முற்றிலும் இலவசம்' என்பது வகுப்பில் இருப்பவர்களுக்குத்தானாம்.

சேருவதாக இருந்தால் சாயங்காலம் ஆபீஸில் போய் விசாரிக்காதீர்கள், டீ வாங்கிக் கொடுத்து ரசீது போட்டுவிடுவார்கள். காலை 5 மணிக்கு கிரவுண்டுக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். யாரையாவது மெதுவாக ஓடச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தால் அவர்தான் எங்கள் மாஸ்டர்.