கசடுத் தொட்டிக்கு எந்த வாயு உணரி: உலோக ஆக்சைடா, மின்வேதியியலா?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பழைய வடஆர்க்காடு முழுவதும் பரவியுள்ள தோல் பதனிடும் தொழிலில், மிகவும் அஞ்ச வேண்டிய வாயு ஹைட்ரஜன் சல்பைடு. தோலில் இருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர், பிக்கிள் செய்த (தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்த) பின் வெளியேறும் அமில நீரோடு ஒரே வாய்க்காலில் கலந்தால் அங்கேயே வாயு கிளம்பிவிடும். அமிலம் கலக்காவிட்டாலும், மூடிய தொட்டியில் தேங்கிய கசடில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்த வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது. குழியின் அடியில் தங்கும். கசடைக் கிளறும் வரை அதற்குள் அடைபட்டும் கிடக்கும்.

அழுகிய முட்டை வாடை வந்தால் தெரிந்துவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகிறது. 500 பிபிஎம் அளவைத் தாண்டினால் மயக்கமும் மரணமும் விரைந்து வரும். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவது இப்படித்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எட்டு மணி நேரச் சராசரிக்கு 10 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 15 பிபிஎம் என வரம்பு வைத்தது. ஆகவே இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உணரி நம்பத்தக்க விதத்தில் சொல்கிறதா என்பதே என் முதல் கேள்வி.

உலோக ஆக்சைடு உணரியின் வரலாறு 1962ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்குகிறது. ஆய்வாளர்கள் செய்யாமா துத்தநாக ஆக்சைடு படலத்தையும், டகுச்சி வெள்ளீய ஆக்சைடையும் கொண்டு வாயுவை உணர முடியும் என்று காட்டினார்கள். பெரும்பாலும் 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப்படும் ஆக்சைடின் மேற்பரப்பில், காற்றிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு ஒட்டியிருக்கும். அதனால் மின்தடை அதிகமாக இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் மீண்டும் ஆக்சைடுக்குள் திரும்பி, மின்தடை சட்டென்று இறங்கும். மின்வேதியியல் உணரியில் சூடேற்றமே இல்லை. அமில மின்பகுளியில் (மின்சாரம் கடத்தும் கரைசலில்) நனைந்த மின்முனையில் வாயு ஆக்சிஜனேற்றம் அடைந்து, செறிவுக்கு நேர்விகிதத்தில் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தருகிறது.

இந்த அடிப்படை வேறுபாட்டில் இருந்தே மற்ற எல்லாம் பிறக்கின்றன. வெள்ளீய ஆக்சைடுக்கு எலக்ட்ரானைத் திருப்பித் தரும் எந்த வாயுவும் ஒன்றுதான். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பசை ஒட்டும் கூடத்துக்கு அருகே ஹைட்ரஜன் சல்பைடுக்கென விற்கும் எம்க்யூ-136 வகை வெள்ளீய ஆக்சைடு உணரியை வைத்தால், டொலுயீன், அசிட்டோன் ஆவிக்கும் அது எகிறும். சமையல் எரிவாயுக் கசிவுக்கும் எகிறும். மழைக்காலத்தில் ஈரப்பதம் ஏறினால் தூய காற்றில் அது காட்டும் அடிப்படை அளவே நகர்ந்துவிடும். திரையில் 12 என்று எண் தெரிவதாலேயே அது 12 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு ஆகிவிடாது. மின்வேதியியல் உணரியிலும் கந்தக டைஆக்சைடு, மெர்காப்டன் (நாறும் கந்தகச் சேர்மம்) போன்றவற்றின் குறுக்கீடு உண்டு என்றாலும், கரைப்பான் ஆவிகள் பெரும்பாலும் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

குழிக்குள் இறங்கும் வேலைக்கு இதைவிடத் தீர்மானமான வேறுபாடு ஆக்சிஜன். ஒட்டியிருக்கும் ஆக்சிஜனை நம்பியே ஆக்சைடு உணரி வேலை செய்கிறது. மூடிய கசடுத் தொட்டியிலோ ஆக்சிஜன் 21 சதவீதத்தில் இருந்து வெகுவாகக் குறைந்திருக்கலாம். அப்போது மின்தடை வாயுவால் இறங்கியதா, ஆக்சிஜன் குறைந்ததால் இறங்கியதா என்று பிரித்தறிய வழியில்லை. அதே தொட்டியில் தீப்பற்றி வெடிக்கக்கூடிய மீத்தேனும் இருக்கக்கூடும் என்பதால், ஒரு வாட்டுக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் இழுத்துச் சூடாகும் ஒரு பொருளைச் சான்று பெறாத பெட்டியில் வைத்துக் கயிற்றில் இறக்குவதும் சரியல்ல. இந்தக் காரணங்களுக்காகவே, மனித உயிரை ஒப்படைக்கும் இடத்தில் மலிவான ஆக்சைடு உணரியை நான் ஏற்க மாட்டேன்.

விலையும் ஆயுளும் மறுபக்கம் சாய்கின்றன. ஆக்சைடு உணரி மிகவும் மலிவு, பல ஆண்டுகள் உழைக்கும். மின்வேதியியல் உணரிக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள்தான். வேலூர்க் கத்திரி வெயிலில் கூரைத் தகட்டின் கீழே மாட்டிவைத்தால், மின்பகுளி வறண்டு ஆயுள் இன்னும் குறையும். அது பழுதாகும் விதமும் ஆபத்தானது: இறந்துபோன உணரி சுழியம் காட்டும், தூய காற்றில் வைத்த நல்ல உணரியும் சுழியமே காட்டும். அதனால் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன், செறிவு தெரிந்த வாயுவைச் சிறிது காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்தச் சோதனை வாயு உருளையை வாங்காமல் கருவியை மட்டும் வாங்குவது வீண் செலவு.

ஆக்சைடுகளுக்குள்ளும் தரம் உண்டு. வெள்ளீய ஆக்சைடோடு தாமிர ஆக்சைடைச் சேர்த்தால், ஹைட்ரஜன் சல்பைடு பட்டவுடன் தாமிர ஆக்சைடு தாமிர சல்பைடாக மாறி, இரண்டுக்கும் இடையிலிருந்த மின்தடுப்பே உடைந்துவிடுகிறது. இந்த வாயுவை மட்டும் அடையாளம் காணும் திறன் வெகுவாகக் கூடுகிறது. ஆனால் குறைந்த வெப்பநிலையில் அது பழைய நிலைக்குத் திரும்ப நேரமாகும்.

எனவே சுத்திகரிப்பு நிலையத்தின் வேலி ஓரத்திலும், பம்ப் அறை வாசலிலும், வாய்க்கால் சேரும் இடங்களிலும் ஆக்சைடு உணரிகளை நிறைய மாட்டலாம். புதிதாக வைத்தவற்றை ஒரு நாளுக்குக் குறையாமல் சூடாக்கிய பிறகே நம்ப வேண்டும். அவற்றின் எண்ணைப் பார்க்காமல் ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் எந்த வாய்க்காலில் அமிலமும் சல்பைடும் கலக்கின்றன என்பதை அவை காட்டிக்கொடுக்கும். தொட்டியைப் பொறுத்தவரை, ஆளை இறக்காமல் பம்ப் வைத்து எடுப்பதே முதல் வழி. இறங்கியே தீர வேண்டுமென்றால், ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு மூன்றையும் தனித்தனியாக அளக்கும் சான்று பெற்ற கருவியால் மேல், நடு, அடி என மூன்று ஆழத்திலும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு நிமிடமாவது நிறுத்த வேண்டும். கசடைக் கிளறிய பின் மறுபடியும் அளக்க வேண்டும். உள்ளே இருப்பவரின் மார்பில் அந்தக் கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.