கெல்ஸா, லிண்டிஸ்ஃபார்னா?

பழைய கையெழுத்துச் சுவடியை ஓவியமாக ரசிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கெல்ஸ், லிண்டிஸ்ஃபார்ன் என்ற இந்த இரண்டு சுவடிகளில்தான் வந்து நிற்பார்கள். இரண்டும் கன்றுத்தோலில் எழுதிய லத்தீன் நற்செய்தி நூல்கள். லத்தீன் தெரியாவிட்டால் நல்லதுதான். வாசிக்க முடியாதபோது கண் கோட்டின் பின்னால் போகிறது.

லிண்டிஸ்ஃபார்ன் மூத்தது, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஈட்ஃப்ரித் என்ற ஆயர் ஒருவரே எழுதி வரைந்தார் என்பது மரபு. அதன் 'கம்பளப் பக்கங்களில்' எழுத்தே கிடையாது; சிலுவையைச் சுற்றிப் பறவைகள் ஒன்றையொன்று கவ்வி முடிச்சாகப் பின்னிக் கிடக்கின்றன. தாளின் பின்புறம் கவராயம் குத்திய துளைகள் இன்னும் தெரிகின்றன. 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் வரிகளுக்கிடையே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதிவைத்தார். அழகைக் கெடுத்துவிட்டார் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அந்தப் பொடியெழுத்தும் பிடிக்கும்.

கெல்ஸ் சுமார் 800ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பல கைகள், ஒழுங்கு குறைவு, குறும்பு அதிகம். 'கை-ரோ' பக்கத்தில் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கை, ரோ என்ற கிரேக்க எழுத்துகள் ஏறக்குறைய முழுப் பக்கத்தையும் விழுங்கிவிடுகின்றன. அடியில் எலிகள் அப்பத்தைக் கடிக்க, பூனைகள் சும்மா பார்த்திருக்கின்றன; அவற்றின் முதுகிலும் எலிகள்! அருகில் ஒரு நீர்நாய், வாயில் மீனோடு.

முதலில் லிண்டிஸ்ஃபார்னைப் பார்க்கச் சொல்வேன். கெல்ஸில் தொடங்கினால் கண் திணறிவிடும். கெல்ஸ் இருக்கும் அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்கே போனாலும் விரித்துவைத்த பக்கம் மட்டும்தான் தெரியும். கல்லூரி இணையத்தில் இலவசமாகத் தரும் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதே மேல்.